படியும் காவலும்
கணினிக் கோப்புரிமை வளர்ந்த வரலாறு

பொருளை ஈட்டுவது ஒரு திறம். ஈட்டிய பொருளைக் காப்பது மற்றொரு திறம். பின்னது முன்னதினும் அரிது என்பதை உலகியல் அறிந்தோர் மறுக்கார். பொன்னும் மணியும் செல்வமாக இருந்த காலத்தில் பெட்டியும் பூட்டும் அவற்றைக் காத்தன. இன்றோ பள்ளியின் மாணவர் பட்டியலும், மருத்துவமனையின் நோயாளர் குறிப்பும், வங்கியின் கணக்கும், புலவர் ஒருவர் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அகராதியும் கணினிக் கோப்புக்களாகவே உறைகின்றன. கோப்பு அழிந்தால் உழைப்பு அழியும். ஆதலின், ஒவ்வொரு கோப்பிற்கும் ஒரு படி எடுத்து வேறோர் இடத்தில் வைத்தல் வேண்டும் என்று கணினி அறிஞர் தொடக்கந்தொட்டே வற்புறுத்தி வந்துள்ளனர். இதனையே காப்புப்படி என்கிறோம். படி என்பது ஈண்டு நகலைக் குறிக்கும்.

இக் காப்புப்படி முறையில் ஒரு பெருஞ்சிக்கல் உண்டு. படியெடுக்கும் செயலி எல்லாக் கோப்புக்களையும் படித்தாக வேண்டும். தலைமையாசிரியரின் மறைவான குறிப்பையும் அது படிக்கும். கணக்கரின் சம்பளப் பட்டியலையும் படிக்கும். பிறர் எவரும் பார்க்கலாகாது என்று விலக்கப்பட்ட கடவுச்சொற் கோப்பையும் படிக்கும். படித்தவற்றை எல்லாம் ஓரிடத்தில் குவித்து வைக்கும். வீட்டிலுள்ள எல்லா அறைகளின் சாவியையும் ஒருவன் கையில் கொடுத்து, எல்லா நகைகளின் படிமங்களையும் அவன் பெட்டியிலேயே வைத்ததற்கு ஒப்பாகும் இது. அவன் நல்லவனாயினும், அவன் பெட்டி திறந்து கிடந்தால் யாது பயன்? ஆகவே, காப்புப்படிச் செயலிக்கு எவ்வளவு உரிமை கொடுப்பது, அது எடுத்த படிகளுக்கு எத்தகைய காவல் வைப்பது என்னும் வினாக்கள் எழுந்தன. இவற்றிற்கு அறுபது ஆண்டுகளாகக் கணினி அறிஞர் கண்ட விடைகளின் வரலாற்றையே இக் கட்டுரையில் காண்போம்.

பலர் பகிர்ந்த கணினி

தொடக்கக் காலக் கணினியில் ஒரு நேரத்தில் ஒருவர் வேலையே நடந்தது. ஒருவர் வேலை முடிந்த பின்னரே அடுத்தவர் வேலை தொடங்கும். அந்நிலையில் ஒருவர் கோப்பை மற்றொருவர் பார்ப்பது பற்றிய கவலை பெரிதாக எழவில்லை. 1961 ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோ என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஒரு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் முறையைச் செயற்படுத்திக் காட்டினர். சி.டி.எஸ்.எஸ். என்பது அதன் பெயர். பலர் பகிரும் இடத்தில் எனது உனது என்னும் வேறுபாடு தோன்றுவது இயல்பன்றோ? அம் முறையில் ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல் வழங்கப்பெற்றது.

கடவுச்சொல் வந்தவுடனே அதனைக் கடக்கும் வழியும் வந்தது. 1962 இல் ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர்க்குத் தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை. அக் கணினியில் ஒரு வசதி இருந்தது. கணக்கு எண்ணையும் கோப்பின் பெயரையும் துளை அட்டையில் குறித்துக் கொடுத்தால், அக் கோப்பு அச்சிடப்பட்டுக் கைக்கு வரும். ஷெர் கடவுச்சொற் கோப்பின் பெயரைக் குறித்துக் கொடுத்தார். பட்டியல் முழுவதும் அச்சாகி வந்தது! பல்லாண்டுகள் கழித்து அவரே இதனை வெளியிட்டார்.

இந்நிகழ்ச்சியை நாம் வேடிக்கையாகக் கொண்டு ஒதுக்கிவிடலாகாது. வாயிலில் காவல் இருந்தது. ஆனால், பணிக்காகத் திறந்து வைத்த பின்வழியில் காவல் இல்லை. அச்சிடும் ஊழியம் எல்லாக் கோப்புக்களையும் படிக்க வல்லதாக இருந்தது. கேட்பவர் யார் என்று அது கேட்கவில்லை. காப்புப்படிச் செயலியும் இத்தகைய ஊழியமே. ஷெர் கண்ட அப் பின்வழியே பின்வரும் வரலாறு முழுவதிலும் வேறு வேறு உருவில் மீண்டும் மீண்டும் தோன்றுவதைக் காண்போம்.

அதே கணினியில் 1960களில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. மேற்பார்வையாளர் ஒருவர் கடவுச்சொற் கோப்பைத் திருத்திக் கொண்டிருந்தார். மற்றொருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக் கொண்டிருந்தார். திருத்தும் செயலி உருவாக்கிய தற்காலிகக் கோப்புக்கள் இரண்டும் இடம் மாறின. விளைவு யாது? கணினிக்குள் நுழைந்தவர்க்கெல்லாம் அறிவிப்புக்கு மாறாக எல்லாருடைய கடவுச்சொற்களும் காட்சியளித்தன. மூலக் கோப்பு காவலில் இருந்தும், அதன் தற்காலிகப் படி வெளிப்பட்டுவிட்டது. மூலத்திற்கு வைத்த காவல் படிக்கும் வேண்டும் என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி முதன்முதல் புகட்டியது எனலாம்.

மல்டிக்ஸ் வகுத்த நெறி

1965 இல் அதே கழகமும், பெல் ஆய்வுக்கூடமும், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும் கூடி மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்தை மேற்கொண்டன. அவ்வாண்டில் இராபர்ட் டேலி, பீட்டர் நியூமன் ஆகிய இருவரும் அதன் கோப்பு அமைப்பைப் பற்றி ஆய்வுரை ஒன்று வழங்கினர். ஒவ்வொரு கோப்பிற்கும் இன்னார் இன்னது செய்யலாம் என்னும் பட்டியல் இருத்தல் வேண்டும் என்று அவ்வுரை வகுத்தது. படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் உரிமைகளோடு, இறுதியில் சேர்த்தல் என்னும் தனியுரிமையையும் அது கூறியது. இருப்பதை மாற்றாமல் புதியதைக் கடைசியில் சேர்க்க மட்டும் இடந்தரும் உரிமை அது. அதன் அருமையை இக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

அதே ஆய்வுரையில்தான் காப்புப்படியும் விரிவாகப் பேசப்பட்டது. மாறிய கோப்புக்களை மட்டும் அவ்வப்போது நாடாவில் படியெடுக்கும் முறை அதில் விளக்கம் பெற்றது. உரிமைப் பட்டியலும் காப்புப்படியும் ஒரே ஏட்டில் இரட்டைப் பிள்ளைகளாய்த் தோன்றின. எனினும், இரண்டும் பின்னர் வேறு வேறு வழியில் வளர்ந்தமையே பல தொல்லைகளுக்குக் காரணமாயிற்று.

ஏழு குறிகள் பத்தான கதை

1969 இல் பெல் ஆய்வுக்கூடம் மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து விலகியது. அங்கிருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எளிய அமைப்பு ஒன்றை ஆக்கினர். அதுவே யூனிக்ஸ். இன்றுள்ள பெரும்பாலான சேவைக் கணினிகள் அதன் வழித்தோன்றல்களே.

மல்டிக்ஸின் நீண்ட பட்டியலை அவர்கள் விடுத்தனர். ஒவ்வொரு கோப்பிற்கும் சில குறிகளே போதும் என்று கருதினர். 1974 இல் அவ்விருவரும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுரையில் ஏழு காவற்குறிகள் கூறப்பட்டுள்ளன. கோப்பின் உரிமையாளர்க்குப் படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று. மற்றையோர் அனைவர்க்கும் அவ்வாறே மூன்று. ஏழாவது ஒரு தனிக்குறி. 1978 இல் அவ்வுரை திருத்தி வெளியிடப்பட்டபோது ஏழு பத்தாயிற்று. உரிமையாளர்க்கும் உலகத்தார்க்கும் இடையே குழு என்னும் ஓர் இனம் சேர்ந்ததே இதற்குக் காரணம். தாம், தம்மவர், பிறர் என்னும் இம் மூவகைப் பாகுபாடே இன்றும் நிலைபெற்றிருக்கிறது.

இக் குறிகளை எண்களால் எழுதும் முறையை அறிந்து கொண்டால் மேலே செல்வது எளிதாகும். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1. இவற்றைக் கூட்டி மூன்று இலக்கமாக எழுதுவர். 640 என்றால், உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம். பிறர்க்கு ஒன்றும் இல்லை. 644 என்றால் பிறரும் படிக்கலாம். 600 என்றால் உரிமையாளர் அன்றிப் பிறர் எவரும் தொடலாகாது. 640க்கும் 644க்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் எண்ணே. ஆயின், ஒன்று பூட்டிய கதவு, மற்றொன்று திறந்த கதவு என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இவ்வமைப்பில் விதிவிலக்கானவர் ஒருவர் உண்டு. ரூட் எனப்படும் முதன்மைப் பயனரை எக் குறியும் தடுக்காது. எல்லாவற்றையும் படிக்கவும் எழுதவும் அழிக்கவும் அவர் வல்லவர். காப்புப்படிக்கோ எல்லாவற்றையும் படிக்கும் உரிமை மட்டுமே தேவை. யூனிக்ஸில் அவ்வுரிமை தனியே கிடையாது. வேண்டின் முழு அதிகாரத்தையும் பெற்றாக வேண்டும். வரலாற்றின் முடிச்சு இங்கேதான் விழுந்தது.

ஏழாவது குறி

முடிச்சை ஓரளவு அவிழ்க்க வந்ததே மேலே சொன்ன ஏழாவது குறி. பொதுவாக ஒருவர் ஒரு செயலியை இயக்கினால், அது இயக்கியவரின் உரிமையோடு நடக்கும். இக் குறி இடப்பட்ட செயலியோ, தன் கோப்பின் உரிமையாளர் யாரோ அவர் உரிமையோடு நடக்கும். இது ரிச்சி கண்ட புதுமை. 1973 இல் இதற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1979 சனவரியில் அது வழங்கப்பட்டது. பின்னர் அது பொதுமக்களுக்கே உரிமையாக்கப்பட்டது.

அலுவலகத்தில் பேரேட்டைத் தொடும் உரிமை எழுத்தருக்கு மட்டும் உண்டு என்க. பிறர் தம் வேண்டுகோளை எழுத்தரிடம் கூறுவர். அவர் விதிப்படி எழுதித் தருவார். ஏழாவது குறி இட்ட செயலி அத்தகைய எழுத்தர். விதியறிந்த எழுத்தராயின் நன்மை; கேட்பவர் சொன்னதை எல்லாம் எழுதும் எழுத்தராயின் தீமை. தீமை விளைந்ததற்கும் சான்றுகள் உள.

நார்மன் ஹார்டி என்பவர் 1988 இல் எழுதிய சிறு கட்டுரையில், டைம்ஷேர் நிறுவனத்துக் கணினி ஒன்றில் நடந்ததைக் கூறுகிறார். அங்கிருந்த மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றுக்குப் புள்ளிவிவரம் எழுதும் பொருட்டு ஓர் அடைவில் எழுதும் உரிமை தரப்பட்டிருந்தது. அதே அடைவில் கட்டணக் கணக்குக் கோப்பும் இருந்தது. பயனர் ஒருவர் தம் செயலியின் வெளியீட்டை எழுதுமாறு அக் கட்டணக் கோப்பின் பெயரையே கொடுத்தார். செயலி தன் உரிமையைக் கொண்டு அதன்மேல் எழுதியது, கணக்கு அழிந்தது. செயலி தீயதன்று, யாருடைய உரிமையால் எதைச் செய்கிறோம் என்று அறியாத மயக்கமே அதன் குற்றம். ஆதலின், அதனை மயங்கிய பிரதிநிதி என்று ஹார்டி பெயரிட்டார்.

1986 இல் அமெரிக்காவின் இலாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்தில் நடந்தது இதனினும் பெரிது. கணினிக் கட்டணக் கணக்கில் 75 காசு வேறுபட்டதைக் கண்ட கிளிஃபர்டு ஸ்டோல் என்பவர் அதன் காரணத்தைத் தேடிச் சென்றார். மேற்கு செருமனியிலிருந்து ஒருவன் நுழைந்து கொண்டிருந்தான் என்பது இறுதியில் தெரிந்தது. அவனுக்கு வழிவிட்டது எது? அஞ்சலை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு நகர்த்தும் சிறு செயலி. அது முதன்மைப் பயனரின் உரிமையோடு நடக்குமாறு நிறுவப்பட்டிருந்தது. எந்தக் கோப்பையும் எந்த இடத்திற்கும் அது நகர்த்தியது. தன் கோப்பை அவன் கணினியின் உள்ளிடத்தில் கொண்டு வைத்து, முழு அதிகாரம் பெற்றான். கடமை சிறிது, கொடுத்த உரிமை பெரிது. அவ்விடைவெளியே அவன் நுழைந்த வாயில்.

இதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்னரே, 1975 இல், செரோம் சால்ட்சர், மைக்கேல் சுரோடர் ஆகிய இருவரும் கணினிக் காவலுக்கு எட்டு நெறிகள் வகுத்திருந்தனர். அவற்றுள் ஒன்று, ஒவ்வொரு செயலியும் தன் கடமைக்கு வேண்டிய அளவு உரிமையே பெறுதல் வேண்டும் என்பது. மற்றொன்று, வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டாலன்றி எதுவும் விலக்கப்பட்டதாகவே இருத்தல் வேண்டும் என்பது. நெறி முன்னரே இருந்தது, கைக்கொள்ளுதல்தான் பிந்தியது.

நாடா மாற்றும் ஊழியரும் நள்ளிரவுச் செயலியும்

யூனிக்ஸின் ஆறாம் பதிப்பில் டம்ப் என்னும் காப்புப்படிச் செயலி இடம்பெற்றது. அது கோப்புக்களை ஒவ்வொன்றாகத் திறப்பதில்லை. வட்டையே நேராகப் படிக்கும். கோப்புக்களின் காவற்குறிகள் அதற்குத் தடையாகா. யூனிக்ஸில் வட்டும் ஒரு கோப்பாகவே காட்சியளிக்கும் ஆதலின், அவ்வட்டுக் கோப்பைப் படிக்க உரிமையுடையார் யார் என்பதே வினாவாயிற்று.

கலிபோர்னியாவில் வளர்ந்த பி.எஸ்.டி. யூனிக்ஸ் மரபில் இதற்கு நல்லதொரு விடை கண்டனர். இயக்குநர் என்னும் பொருள்படும் ஆபரேட்டர் குழு ஒன்றை அமைத்து, வட்டுக் கோப்பிற்கு 640 என்னும் உரிமையிட்டு, அக் குழுவினர் படிக்க மட்டும் இடந்தந்தனர். நாடா மாற்றும் ஊழியர்க்கு முதன்மைப் பயனரின் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டிய தேவை ஒழிந்தது. லினக்ஸ் மரபில் தோன்றிய வட்டுக் குழுவுக்கோ எழுதும் உரிமையும் சேர்த்து 660 எனக் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. வட்டில் நேராக எழுத வல்லவன் எந்தக் கோப்பையும் மாற்ற வல்லவன். ஆகவே, அக் குழுவிற் சேர்ப்பது முழு அதிகாரம் கொடுப்பதேயாம். படித்தல் என்று கொடுக்க வேண்டிய இடத்தில் எழுதுதலும் கலந்துவிட்டால் எவ்வளவு வேறுபாடு விளைகிறது, பாருங்கள்!

கணினிகள் வலையால் இணைந்த பின்னர், பல கணினிகளின் படிகளையும் ஒரே சேவைக் கணினி சேர்த்து வைக்கும் முறை வந்தது. 1990களின் தொடக்கத்தில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவான அமாண்டா இவ்வகையில் புகழ்பெற்றது. அதன் அமைப்பு ஊன்றிக் கற்கத்தக்கது. அச் செயலியின் பெரும்பகுதி தனியான ஓர் எளிய பயனரின் பெயரில் நடக்கும். முழு அதிகாரம் வேண்டிய சில சிறு பகுதிகளுக்கு மட்டும் ஏழாவது குறி இட்டு, 4750 என்னும் உரிமை வழங்குவர். முதலில் உள்ள 4 அக் குறியைக் காட்டும். உரிமையாளர் ரூட், இயக்கத்தக்கவர் அமாண்டாவின் குழுவினர், பிறர்க்கு உரிய இடத்தில் 0. இறுதியில் உள்ள அச் சுழியமே இங்கு உயிர்நிலை. 4755 என்று இட்டிருந்தால், கணினியில் உள்ள எவரும் அதனை இயக்கி, பெர்க்கிலியில் நடந்ததை மீண்டும் நடத்த வழி பிறந்திருக்கும். எந்தக் கணினியை நம்பலாம் என்று குறிக்கும் கோப்பும் உரிமையாளர் ஒருவர்க்கே உரியதாக இருத்தல் வேண்டும் என்று அமாண்டா வற்புறுத்துகிறது.

கெர்ன் சிபால்டு என்பவர் 2000 இல் தொடங்கி 2002 இல் வெளியிட்ட பேக்குலா அடுத்த படி. இரவில் வந்து கணினிகளின் சாரத்தை உறிஞ்சிச் செல்லும் என்பதால் டிராகுலாவை நினைவூட்டும் இப்பெயர் நகைச்சுவையாக இடப்பட்டது. அது கடமைகளை மூன்றாகப் பிரித்தது. ஆணையிடுவது ஒன்று, படிகளைச் சேமிப்பது ஒன்று, ஒவ்வொரு கணினியிலும் கோப்புக்களைப் படிப்பது ஒன்று. எல்லாவற்றையும் படிக்கும் அதிகாரம் மூன்றாவதற்கே வேண்டும். முன்னிரண்டும் எளிய பயனர் பெயரில் நடக்கலாம். ஆனால், மூன்றும் ஒன்றையொன்று அறிந்து கொள்ளும் கடவுச்சொற்கள் அவற்றின் அமைவுக் கோப்புக்களில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். அக் கோப்பை 644 என்று விட்டவர், சாவியைக் கதவிலேயே தொங்க விட்டவர் ஆவர். 640 என்பதே அதற்குத் தக்க உரிமை.

படிக்கும் உரிமை தனித்த வரலாறு

முழு அதிகாரத்திலிருந்து எல்லாவற்றையும் படிக்கும் உரிமையை மட்டும் பிரித்தெடுக்கும் முயற்சி வேறு இடங்களிலும் நடந்தது. டிஜிட்டல் நிறுவனத்தின் வி.எம்.எஸ். அமைப்பில் எல்லாவற்றையும் படிக்கும் தனியுரிமை ஒன்று அமைக்கப்பட்டது. 1993 இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட விண்டோஸ் என்.டி. யில் காப்புப்படி இயக்குநர் என்னும் குழு இருந்தது. படியெடுக்கும் உரிமையையும் மீட்டு எழுதும் உரிமையையும் இரண்டு தனியுரிமைகளாகவே அது பெயரிட்டது; எனினும், இரண்டையும் அக் குழுவிற்கே கொடுத்தது. 1999 இல் வந்த லினக்ஸ் 2.2, முதன்மைப் பயனரின் அதிகாரத்தைப் பல கூறுகளாகப் பகுத்தது. அவற்றுள் ஒன்று கோப்புக்களைப் படிக்கவும் அடைவுகளில் தேடவும் மட்டும் இடந்தருவது. இதனைப் பெற்ற செயலி எல்லாவற்றையும் படிக்கும், ஒன்றையும் மாற்றாது. யூனிக்ஸில் விழுந்த முடிச்சு முப்பது ஆண்டுகள் கழித்து இவ்வாறு அவிழ்ந்தது.

ஆயினும், படிப்பது மட்டுந்தானே என்று அவ்வுரிமையை எளிதாக எண்ணிவிடலாகாது. விண்டோஸ் வலையமைப்பின் தலைமைக் கணினியில் அவ்வுரிமை பெற்றவர், எல்லாப் பயனர் கணக்குகளும் அடங்கிய தரவுத்தளத்தைப் படியெடுக்க முடியும். அதில் உருமாற்றி வைக்கப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு பின்னர் எல்லா அதிகாரமும் பெற முயலலாம். எல்லாவற்றையும் படிக்க வல்லவன் ஆளவும் வல்லவன் ஆகிவிடுவான்.

படிக்கும் காவல் வேண்டும்

இதுகாறும் படியெடுப்பவனைப் பற்றிப் பேசினோம். இனி, எடுத்த படியைப் பற்றிப் பார்ப்போம். ஆயிரம் கோப்புக்களை டார் போன்ற செயலியால் ஒரே கோப்பாகக் கட்டினால், ஒவ்வொன்றின் பழைய உரிமைக் குறியும் உள்ளே எழுதப்பட்டிருக்கும். அஃது எழுதிய குறிப்பே, காவல் அன்று. கட்டிய கோப்பைப் படிக்க உரிமையுடைய எவரும் உள்ளிருக்கும் 600 என்னும் கோப்பையும் படிக்கலாம். காவல் முழுவதும் வெளிக்கட்டின் உரிமையைப் பொறுத்ததே. பல கணினிகளில் புதிய கோப்பு 644 என்னும் உரிமையோடு பிறப்பது வழக்கம். செயலியின் பிறப்புநிலையை 077 என்னும் மறைப்பெண்ணால் மாற்றி வைத்தாலன்றி, உலகத்தார் அனைவரும் படிக்கத்தக்க படியே உருவாகும்.

யூனிக்ஸில் உருமாற்றிய கடவுச்சொற்கள் எல்லாரும் படிக்கும் கோப்பிலேயே நெடுநாள் இருந்தன. அதன் இடர்களை இராபர்ட் மாரிஸும் தாம்சனும் 1979 இல் ஆராய்ந்தனர். கணினிகள் விரைவு பெற்றபோது அக் கடவுச்சொற்களை ஊகித்தறிவது எளிதாயிற்று. 1980களில் அவற்றை நிழற்கோப்பு என்னும் மறைகோப்புக்கு மாற்றினர். டெபியன் லினக்ஸில் நெடுங்காலம் நிலவிய ஓர் ஒழுங்கு குறிப்பிடத்தக்கது. எல்லாரும் படிக்கத்தக்க 644 என்னும் பயனர் கோப்பைக் கூட, காப்புப்படி எடுக்கும்போது 600 என்று அது மாற்றி வைத்தது. மூலத்தினும் படிக்கு மிகுந்த காவல்! படியைப் பலர் படிக்க வேண்டிய தேவை இல்லை ஆதலின் அதுவே முறை.

இவ்வொழுங்கு பிறழ்ந்த இடத்தில் விளைந்ததைச் செய்தித்தாள்கள் கூறின. 2005 இல் சிட்டிகுரூப் நிறுவனத்தின் காப்புப்படி நாடாக்கள் வழியில் காணாமற் போயின. 39 இலட்சம் வாடிக்கையாளர் குறிப்புக்கள் அவற்றில் இருந்தன. கணினியை விட்டு வெளியேறிய நாடாவிற்கு எந்தக் காவற்குறியும் காவலாகாது. மறையாக்கம் ஒன்றே காவல். 2013 இல் அடோபி நிறுவனத்தில் 3 கோடியே 80 இலட்சம் பயனர்களின் கடவுச்சொற்கள் களவு போயின. களவு போன தரவுத்தளம், விரைவில் நீக்குவதற்கென ஒதுக்கியிருந்த காப்புப்படிக் கணினியில் இருந்தது என்று அந்நிறுவனமே கூறிற்று. தலைவாயிலைக் காத்தவர்கள் பழம்பொருள் அறையை மறந்தனர்.

அழிக்கும் உரிமை

மூன்றாவது ஒன்றும் உண்டு. படி களவு போவது ஒரு கேடு. படியே அழிவது மற்றொரு கேடு. 2014 சூன் திங்களில், நிரல்களைச் சேமித்து வைக்கும் தொழில் நடத்திய கோடு ஸ்பேசஸ் என்னும் நிறுவனத்தின் நிருவாகப் பலகைக்குள் ஒருவன் நுழைந்து பணம் கேட்டான். நிறுவனத்தார் அவனை வெளியேற்ற முயன்றபோது தரவுகளையும் அவற்றின் காப்புப்படிகளையும் அழித்தான். மூலமும் படியும் ஒரே அதிகாரத்தின்கீழ் இருந்தமையால் இரண்டும் ஒருங்கே மாண்டன, நிறுவனமும் மூடப்பட்டது. பின்னாளில் பெருகிய பணயத் தீநிரல்களும் முதலில் காப்புப்படிகளையே தேடி அழிக்கலாயின.

இவ்விடத்தில் யூனிக்ஸின் நுட்பம் ஒன்றை அறிந்து கொள்ளுதல் நலம். ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அக் கோப்பின் குறியில் இல்லை. அஃது இருக்கும் அடைவின் எழுதும் குறியில் உள்ளது. படிக்கு 400 என்று இட்டு மகிழ்ந்திருப்போர் பலர். அடைவில் எழுத வல்லவன் அதனை ஒரு நொடியில் நீக்கிவிடுவான். எனவே, படிகள் உறையும் அடைவு காப்புப்படிப் பயனர் ஒருவர்க்கே உரியதாக, 700 என்னும் உரிமையோடு இருத்தல் தக்கது. படி அனுப்பும் கணினிக்குப் புதியதைச் சேர்க்கும் உரிமை மட்டும் தந்து, பழையதை அழிக்கும் உரிமையைச் சேவைக் கணினியின் வேறொரு பயனரிடம் வைத்தல் அதனினும் தக்கது. 1965 இல் மல்டிக்ஸ் ஆய்வுரை கூறிய சேர்த்தல் உரிமை, அரை நூற்றாண்டு கழித்து இவ்வாறு தன் அருமையை உணர்த்துகிறது.

வரலாறு தரும் பாடம்

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவுகளைத் தொகுத்துக் காண்போம். காப்புப்படிச் செயலியை முதன்மைப் பயனர் பெயரில் முழுவதும் நடத்தாது, அதற்கெனத் தனிப் பயனரையும் தனிக் குழுவையும் அமைத்தல் முதலாவது. எல்லாவற்றையும் படிக்கும் பகுதிக்கு அவ்வுரிமையை மட்டும் கொடுத்து, அதனை இயக்கத்தக்கவர் குழுவினரே எனக் கட்டுப்படுத்தல் இரண்டாவது. கடவுச்சொல் உறையும் அமைவுக் கோப்புக்கு 640 அல்லது 600, படிகளுக்கு 600, அவை உறையும் அடைவுக்கு 700 என்று இடுதல் மூன்றாவது. கணினியை விட்டு வெளியேறும் படியை மறையாக்கம் செய்தல் நான்காவது. சேர்ப்பவர் வேறு, அழிப்பவர் வேறு, மீட்பவர் வேறு எனப் பிரித்தல் ஐந்தாவது.

இவை பெரிய நிறுவனங்களுக்கே உரியவை என்று எண்ணலாகாது. நம் பள்ளி அலுவலகத்தில் உள்ள ஒரு கணினியிலும் மாணவர் மதிப்பெண்ணும், குடும்பநிலையும், மருத்துவக் குறிப்பும் உறைகின்றன. அவற்றின் காப்புப்படி எங்கே இருக்கிறது, அதனைப் படிக்கத்தக்கவர் யார், அழிக்கத்தக்கவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் ஆசிரியர் ஒவ்வொருவரும் கேட்டல் வேண்டும். பிள்ளைகளின் செய்தியை நம்மை நம்பி ஒப்படைத்த பெற்றோர்க்கு நாம் செலுத்தும் கடன் அது. மூன்றில் ஒன்றுக்கேனும் விடை கிடைக்கவில்லையாயின், அன்றே அதனைச் சீர்செய்யத் தொடங்குவோமாக.